தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றும்போது நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நூலகங்களில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு இப்போது நல்ல கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1999-இல் நியூசிலாந்தில் ஒரு சிறு நூலகத்துக்காகத் தொடங்கிய கோஹா என்ற நூலக மென்பொருள் இன்று உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய அரசு அமைப்புகளான இன்ஃப்ளிப்நெட்டின் சோல், என்.ஐ.சி.யின் இ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள்கள் இரண்டும் உண்டு. நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் வைக்கும் மார்க் பதிவுகளை மொத்தமாகத் திருத்த மார்க்எடிட், குழம்பிய பட்டியலைச் சீராக்க ஓப்பன்ரிஃபைன் என்று இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. அப்படியிருந்தும், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இவர்களும் செய்வதைப் பார்க்கிறேன்.

பார்கோடு ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது, பேக்அப் எப்போது எடுப்பது என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஏற்றுவது

இதைப் பற்றி நீளமாகவே எழுதப்போகிறேன். மற்ற தவறுகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்திவிடலாம். இதைத் திருத்த, ஒவ்வொரு புத்தகத்தையும் அலமாரியிலிருந்து மறுபடி எடுத்தாக வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும் தேதி நெருங்குகிறது. எல்லாப் புத்தகமும் வாசகர் கணினியில் தேடும் பட்டியலான ஓபேக்கில் தெரிய வேண்டும் என்கிறார் முதல்வர். பதிவு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி, வேலையை வெளியாளிடம் விடுகிறார்கள். வருகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தட்டச்சு வேகமாக வரும், தமிழ்99 விசைப்பலகை தெரியாது. "சார், இப்போதைக்கு இங்கிலீஷ்லயே அடிச்சுடறோம், அப்புறம் மாத்திக்கலாம்" என்கிறார்கள். நூலகரும் சரி என்று சொல்லிவிடுகிறார்.

அப்புறம் மாற்ற முடியாது. வலி, வழி, வளி மூன்றும் வி, ஏ, எல், ஐ என்ற அதே நான்கு ஆங்கில எழுத்துகளாகிவிடும். பலமும் பாலமும் பழமும் ஒன்றாகிவிடும். ண, ந, ன வேறுபாடு போய்விடும், ர-ற போய்விடும், எகர ஏகார வேறுபாடும் போய்விடும். ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுவார், பக்கத்தில் இருப்பவர் எல் போடுவார். இதிலிருந்து மூலத் தமிழை எந்த மென்பொருளும் ஊகிக்கத்தான் முடியும். ஊகத்தை நம்பி நூற்பட்டியல் நடத்த முடியாது.

நான் உதவிக்குப் போன ஒரு கல்லூரியில், சங்க கால வாணிகம் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் ஓபேக்கில் 'வாணிகம்' என்று தமிழில் தேடினார். ஒன்றும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் தனக்குத் தெரிந்த விதத்தில் அடித்துப் பார்த்தார். அப்போதும் இல்லை. தட்டச்சு செய்தவர் வேறு விதமாக எழுதியிருந்தார். நூலகத்தில் இல்லை என்று முடிவு செய்து துறைத் தலைவரிடம் சொல்ல, அவர் வாங்கச் சொல்லிப் பரிந்துரைக்க, அலமாரியில் ஏற்கெனவே இருந்த புத்தகங்களையே கல்லூரி மறுபடி விலை கொடுத்து வாங்கியது. விஷயம் தெரிந்த பிறகு, விடுமுறையில் தமிழ்த் துறை மாணவர்களை அமர்த்தி, ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் பார்த்து முதலிலிருந்து தட்டச்சு செய்தார்கள். அதே வேலைக்கு இரண்டாவது முறையாகக் கூலி. பணத்தைக்கூட விடுங்கள். தமிழ்நாட்டில், தமிழ்த் துறை இருக்கும் கல்லூரியில், தமிழ்ப் புத்தகத்தைத் தமிழில் தேடிய மாணவி வெறுங்கையோடு திரும்பினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பழைய பாமினி எழுத்துருவில் ஏற்றிய பட்டியல்கூட இதைவிட மேல். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும், பார்க்கச் சகிக்காது. ஆனால் ஒவ்வொரு குறிக்கும் ஒரு தமிழ் எழுத்து நிச்சயமாக உண்டு. எழுத்துரு மாற்றும் கருவி ஒன்றில் போட்டால், எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடாகத் திரும்பி வந்துவிடும். இடையில் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவை மட்டும் சிதையும், அவற்றைக் கையால் திருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் ஆங்கில எழுத்தில்தானே தமிழ்த் தலைப்பைத் தருகிறது என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே நடப்பது வேறு. 1962 முதல் டெல்லியில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. தமிழ் நூல்களும் அங்கே வாங்கப்படுவதால் நம் அலமாரியில் இருக்கும் பல புத்தகங்களுக்கு அவர்களிடம் தரமான பதிவு கிடைக்கும். அவர்கள் ழகரத்துக்கு எல்-இன் கீழே கோடும், ளகரத்துக்குக் கீழே புள்ளியும் போடுகிறார்கள். நெடிலுக்கு மேலே கோடு. அதனால் அந்தப் பதிவை ஏறக்குறைய அப்படியே தமிழுக்குத் திருப்பிவிடலாம். பிரச்சினை, நம் ஆட்கள் அதை இறக்கியதோடு நிறுத்திவிடுவதுதான். கோட்டையும் புள்ளியையும் தட்டச்சு செய்து தேடும் மாணவர் யாரும் இல்லை.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? மார்க் பதிவின் 245 புலத்தில் தலைப்பைத் தமிழ் எழுத்தில், யூனிகோடில், தலைப்புப் பக்கத்தைப் பார்த்து ஏற்றுங்கள். ஆங்கில எழுத்து வடிவமும் வேண்டுமென்றால் 246-இல் கூடுதலாகக் கொடுக்கலாம், அல்லது 880 புலத்தைப் பயன்படுத்தலாம். பதிவின் தொடக்கப் பகுதியான லீடரில் 9-ஆம் இடத்தில் ஆங்கிலச் சிறிய 'ஏ' இருக்கிறதா என்று பாருங்கள். இது யூனிகோடு பதிவு என்று மென்பொருளுக்குச் சொல்வது அந்த ஓர் எழுத்துதான். அது விடுபட்டால், ஏற்றுமதி இறக்குமதியின்போது தமிழ் குப்பையாகிவிடலாம்.

யூனிகோடில் அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் உண்டு. ஔவையார் என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவையார்' என்று அடிப்பவர்கள் நிறைய. திரையில் வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. 'ஸ்ரீ' எழுத்தும் இரண்டு விதமான குறியீடுகளில் அடிக்கப்படுகிறது. அதனால் முதல் நூறு பதிவுகள் முடிந்ததும் நிறுத்தி, நீங்களே ஓபேக்கில் தேடிப் பாருங்கள். ஔ, ஸ்ரீ, ழ, ற வரும் தலைப்புகளை வேண்டுமென்றே தேடுங்கள். வெளியாளிடம் வேலையை விடுவதாக இருந்தால், தமிழ் நூல்கள் தமிழ் எழுத்தில்தான் ஏற வேண்டும், பிழையான பதிவுக்குக் கூலி கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதற்கு நாக் குழுவின் தேதி தள்ளிப்போகாது. ஆங்கில நூல்களை முதலில் முடித்துவிட்டுத் தமிழ் நூல்களுக்குக் கூடுதல் நாள் கேட்டால் எந்த முதல்வருக்கும் புரியும்.

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறப்பது

பட்டியலை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு அது. திறந்தால்கூடப் பரவாயில்லை, சேமித்துவிடுகிறார்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னின் 13 இலக்கங்களை எக்செல் ஒரு பெரிய எண் என்று எடுத்துக்கொண்டு 9.78 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பார்கோடின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் போய்விடும். தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும் வாய்ப்பும் உண்டு. லிப்ரெஆஃபிஸ் கால்க்கில் திறங்கள். திறக்கும்போதே யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, எண் வரும் நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்யுங்கள்.

050-ஐயும் 082-ஐயும் குழப்பிக்கொள்வது

வெளியிலிருந்து இறக்கிய மார்க் பதிவில், 050 புலத்தில் இருப்பது லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பகுப்பு எண். உங்களுக்கு வேண்டிய டூயி பகுப்பு எண் 082-இல் இருக்கும்.

ஆசிரியர் பெயரை இஷ்டத்துக்கு உடைப்பது

தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இயற்பெயர் முதலில், தலைப்பெழுத்து பின்னால்: வரதராசன், மு. ஆங்கிலப் பெயருக்கு எழுதிய விதியை அப்படியே பொருத்தினால், ஒரே ஆசிரியர் மூன்று இடங்களில் மூன்று பேராக நிற்பார். புனைபெயர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். புதுமைப்பித்தன் என்று தேடினாலும் சொ. விருத்தாசலம் என்று தேடினாலும் வாசகர் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். இதற்காகத்தான் கோஹாவில் ஆசிரியர் பெயர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. தேர்ந்தெடுத்த பெயரை அதன் 100 புலத்தில் வைத்து, மற்ற வடிவங்களையெல்லாம் 400-இல் கொடுக்க வேண்டும். நான் பார்த்த பல நூலகங்களில் அந்தப் பகுதியை யாரும் திறந்ததே இல்லை. சந்தேகம் வந்தால் வியாஃப் தளத்தில் தேடுங்கள். பல நாட்டுத் தேசிய நூலகங்கள் ஒரே ஆசிரியரை எந்தெந்த வடிவங்களில் வைத்திருக்கின்றன என்று அங்கே சேர்த்துப் பார்க்கலாம், காசு கிடையாது.

ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுப்பது

இந்தியாவில் அது இலவசம். கல்லூரி வெளியீடுகளுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

நிர்வாகி கணக்கைச் சொந்த மின்னஞ்சலில் திறப்பது

திறக்காதீர்கள். நூலகத்தின் பெயரில் ஒரு முகவரி உருவாக்குங்கள்.

கட்டுரையை எங்கே வேண்டுமானாலும் அனுப்புவது

பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்றதும், இரண்டே நாளில் ஏற்றுக்கொள்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். ஆய்வாளர்களுக்கு வழிகாட்ட வேண்டிய நூலகர்களே இதில் விழுவதுதான் எனக்கு வருத்தம். போலி இதழ்களை ஜெஃப்ரி பீல் என்ற அமெரிக்க நூலகர் தொகுத்த பட்டியலில் இந்த இதழ் இல்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அந்தப் பட்டியலை அவர் 2017 ஜனவரியிலேயே எடுத்துவிட்டார், இணையத்தில் சுற்றுபவை நகல்கள். ஏற்கத்தக்க இதழ்களின் யுஜிசி-கேர் பட்டியலையும் 2025-இல் யுஜிசி கைவிட்டுவிட்டது. அதனால் சரிபார்ப்பது இப்போது முழுக்க நம் பொறுப்பு.

யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ் என்றால் முதலில் அத்தகைய இதழ்களின் டோஜ் (DOAJ) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 'திங்க் செக் சப்மிட்' தளத்தில் இருக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியிலேயே எழுதி, அவர் உண்மையில் அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். நல்ல இதழில் கட்டுரை வந்த பிறகு, அந்த இதழின் விதி அனுமதித்தால், ஒரு பிரதியை நூலகவியலுக்கென்றே இருக்கும் இ-லிஸ் களஞ்சியத்தில் போட்டு வையுங்கள். அங்கே போடுவதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை.