ஆஃப்-கிரிட் சோலாரில் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி: பேட்டரி நிறைந்திருந்தும் ஏன் நிற்கிறது?

கடையில் ‘ஹாட் அண்ட் கோல்ட் ஏசி’ என்று கேட்டால் தருவார்களே, அதுதான் ஹீட் பம்ப். ஊட்டிப் பக்கம் கரண்ட் இல்லாத எஸ்டேட் வீட்டுக்கு ரூம் ஹீட்டரை விட இதுவே நல்லது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும்.

ஏசி 1 டன் போதும், ஆனால் தேவைக்கேற்ப வேகம் மாறும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்தான் வேண்டும். பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு வகை கிளம்பும்போது ஐந்து மடங்கு கரண்ட் இழுக்கும். பேட்டரி 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம். 80% வரை எடுத்தால் 4 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவது போக, சராசரி 500 வாட்டில் ஏழு மணி நேரம் ஓடும். லெட் ஆசிட் வாங்கச் சொல்லமாட்டேன், லோடு ஏறினால் அதன் வோல்டேஜ் மளமளவென்று இறங்கும். 550 வாட் பேனல் நான்கு: இரண்டிரண்டாக சீரிஸ், அந்த இரு ஜோடியும் பேரலல். குளிரில் பேனல் வோல்டேஜ் ஏறும் என்பதால், சீரிஸில் மூன்றாவதைச் சேர்க்குமுன் சோலார் இன்வெர்ட்டர் தாங்கும் அதிகபட்ச வோல்டேஜைப் பாருங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது பேட்டரி ஒயரில்தான். கம்ப்ரஸர் வேகமெடுத்ததும் ‘லோ பேட்டரி’ என்று இன்வெர்ட்டர் நின்றுவிடும். பேட்டரியில் பார்த்தால் 52 வோல்ட் இருக்கும்; இடையில் ஒயரிலும் இணைப்பிலும் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. 3 கேவிஏ இன்வெர்ட்டர் முழு லோடில் 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 25 சதுர மி.மீ. செம்பு ஒயர், 2 மீட்டருக்குள், ஒயர் முனையில் ஹைட்ராலிக் கருவியால் அழுத்திப் பொருத்திய (கிரிம்ப்) லக். சுத்தியலால் தட்டிய லக் வேண்டவே வேண்டாம்.

ஏசி முழு வேகத்தில் ஓடும்போது மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். வித்தியாசம் 0.2 வோல்டுக்குள் இருக்க வேண்டும். 0.5 தாண்டினால் மல்டிமீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி போல்ட்டிலும் மற்றதை லக்கிலும் வையுங்கள். அங்கேயே 0.1 வோல்ட் காட்டினால் அந்த இணைப்பு லூஸ். 50 ஆம்பியரில் அது 5 வாட் சூடு, பிளாஸ்டிக் உருகக்கூடும். டிசி பிரேக்கரை இறக்கிவிட்டு முறுக்குங்கள். அந்த பிரேக்கர் இடத்தில் வீட்டு மெயின் கரண்டுக்கான (ஏசி) எம்சிபி போடாதீர்கள், டிசி ஆர்க்கை (தீப்பொறியை) அது அணைக்காது.

ஒயர் சரியாக இருந்தும் இன்டோர்-அவுட்டோர் கம்யூனிகேஷன் எரர் வருகிறதா? பல மாடல்களில் சிக்னல் நியூட்ரல் வழியாகவே திரும்புகிறது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா, டெர்மினலில் நியூட்ரல் லூஸா என்று முதலில் பாருங்கள். போர்டை மாற்றுவது அதற்கப்புறம்.

பனி இரவில் சூடு ஐந்து பத்து நிமிடம் நின்று அவுட்டோரில் ஆவி கிளம்பினால் அது டீஃப்ராஸ்ட், அதாவது ஐஸைக் கரைக்கும் வேலை. அணைக்காதீர்கள், காயிலில் படிந்த ஐஸ் அப்படியே தங்கிவிடும். மதியம் 2 மணிக்கே 22 டிகிரியில் போட்டுவிட்டால் இரவில் பேட்டரிக்கு வேலை குறையும்.