மூன் ராஸ் வாங்கும் முன்

களியக்காவிளையில் என் அலங்கார மீன் கடைக்கு வருபவர்கள் முதலில் கைநீட்டுவது மூன் ராஸ் என்ற கடல்மீனைத்தான். பச்சை உடல், வாலில் மஞ்சள் பிறை; ஆசை வராமல் இருக்குமா? ஆனால் விரல் நீளக் குஞ்சு 25 சென்டிமீட்டரைத் தொடும். 500 லிட்டருக்குக் குறைந்த தொட்டி என்றால் நான் விற்பதில்லை.

இறாலும் நண்டும் வளர்ப்பவர்கள் இதை மறந்துவிடுங்கள். இரண்டும் அதற்குத் தீனி. சாது மீன்களைத் துரத்தும், ஆகவே கடைசியில் விடுங்கள். உறங்கப் பாறை இடுக்கு வேண்டும். மூடி கட்டாயம்: குழாய் நுழையும் சந்து போதும், துள்ளி வெளியே விழுந்துவிடும்.

தொட்டிக்குக் கடல்நீர் பிடிப்பவர்கள் ஆனி, ஆடி மழையில் தேங்காய்ப்பட்டணம் கழிமுகத்துப் பக்கம் போகவேண்டாம். ஆற்றுநீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும். நீரின் உப்பளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.023க்கும் 1.025க்கும் இடையே நிற்கவேண்டும். மீனுக்குத் தீனி, நறுக்கிய இறால், கணவாய் தினம் இரண்டு வேளை.