நம்ம வட்டத்துக்கு வெளிய நாலு பேரோட பழகுறது எப்படி? ராமநாதபுரம் கரையோரத்துல நான் கத்துக்கிட்டது

ராமநாதபுரத்துல நாங்க ஒரு பத்துப் பேர் மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை கூடுவோம், வாத்தியாருங்க, ஒரு வக்கீல், பேங்க்ல இருக்குறவர், பிஎச்டி பண்ற பசங்க ரெண்டு பேரு, புத்தகம் பேசுவோம், மீனவர் பிரச்சனை பேசுவோம், பனைத்தொழில் அழியுதேன்னு கவலைப்படுவோம். ஒருநாள் எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு, இந்தப் பத்துப் பேருல ஒருத்தருக்காவது ஒரு மீன்காரர் வீட்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வந்திருக்கா? இல்ல. பக்கத்துலயே கடல் இருக்கு, கடல்ல பொழைக்கிற ஒருத்தரோட போன் நம்பர் கூட கைல இல்ல. அதுக்கப்புறம் மூணு வருஷமா பழகிப் பாத்ததுல தெரிஞ்சத சொல்றேன், உங்களுக்கும் இதே உறுத்தல் இருந்தா உதவும்.

முதல்ல, நோட்டும் கேமராவும் வீட்டுலயே இருக்கட்டும். நான் முத தடவ ஏர்வாடிப் பக்கம் கடல்பாசி எடுக்குற அக்காமாரப் பாக்கப் போனப்ப கைல நோட்டோட போனேன். பேசிட்டு இருந்தவங்க அப்படியே வாய மூடிட்டாங்க, ஒருத்தர் மட்டும் "எந்த ஆபீஸ்ல இருந்து வர்றீக?"ன்னு கேட்டாங்க. எனக்கு அப்ப புரியல. இவங்க பாசி எடுக்கப் போறது மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம், அங்க இருக்குற 21 தீவும் தேசியப் பூங்காவுக்குள்ள வருது, 1986-ல அறிவிச்சது, அங்க கால் வைக்கக்கூடாது, அதனால எழுதுறவன் யாரா இருந்தாலும் பயம்தான், நாளைக்கு இதை வச்சு யாராச்சும் வந்து நிப்பாங்களோன்னு. அந்தப் பயம் நியாயமானது. நான் நோட்டை மடிச்சு பைக்குள்ள வச்சுட்டு டீ வாங்கிக் குடிச்சுட்டு வந்துட்டேன், நாலாவது தடவ போனப்பதான் ஒரு அக்கா அவங்க விரலக் காட்டுனாங்க. துணியச் சுத்திக்கிட்டுத்தான் பாறை இடுக்குல கைய விடுவாங்களாம், இருந்தும் நுனியெல்லாம் கீறல் கீறலா, உப்பு ஊறி வெளுத்துப் போயிருந்துச்சு. மரிக்கொழுந்துன்னு ஒரு பாசி, கஞ்சிப்பாசின்னு ஒண்ணு, ரெண்டையும் எடுத்து என் கைல குடுத்து மோந்து பாக்கச் சொன்னாங்க. நான் கேட்டிருந்தா இதக் காட்டிருக்க மாட்டாங்கன்னு உறுதியாச் சொல்வேன்.

ரெண்டாவது, அவங்க நேரத்துக்குப் போங்க. நமக்கு லீவுன்னு ஞாயித்துக்கிழமை காலைல ராமேஸ்வரம் ஜெட்டிக்குப் போய் நின்னா யாரும் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க, ஏன்னா விசைப்படகு தொழிலுக்குப் போறது திங்கள், புதன், சனி, மறுநாள் காலைல கரைக்கு வரும், அப்ப செவ்வா வியாழன் ஞாயிறு காலைல ஏலம், ஐஸ், வண்டின்னு ஓட்டமா இருக்கும், அந்த நேரத்துல பேச்சுக் குடுக்குறது ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போய் சௌக்கியமான்னு கேக்குற மாதிரி. ஏலம் முடிஞ்சு ஒரு பத்து மணிக்கு மேல டீக்கடைல உக்காருங்க. ரொம்ப நல்ல காலம்னா ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும், ஆளுங்க நிழல்ல உக்காந்து வலை தச்சுக்கிட்டு, படகுக்கு மராமத்து பாத்துக்கிட்டு இருப்பாங்க, பேச நேரம் இருக்கும். ஆனா கைல காசு இருக்காத நேரமும் அதுதான், அதனால அவங்க டீ வாங்கிக் குடுத்தா மறுக்காதீங்க, அடுத்த தடவ நீங்க முந்திக்கோங்க.

ஒரே கடைக்குப் போறது ரொம்ப முக்கியம். பத்து ஊரு சுத்துறத விட பாம்பன்ல ஒரே டீக்கடைக்கு பத்து தடவ போங்க. பைக்க விட்டுட்டு பஸ்ல போங்க, கூடையோட ஏறுற மீன்கார அம்மாவுக்கு கூடைய ஒரு கை பிடிச்சுக் குடுத்தீங்கன்னா மண்டபம் வர்றதுக்குள்ள அந்த வாரம் சீலா மீன் என்ன வெல போச்சு, எந்த மக புருஷன் வீட்டுல இருந்து கோச்சுக்கிட்டு வந்துருக்கான்னு எல்லாம் தெரிஞ்சிரும்.

என்ன கேக்குறதுன்னு நெறைய பேர் கேக்குறாங்க. கேக்கக் கூடாதது எதுன்னு சொல்றேன். "உங்க பிரச்சனை என்ன?"ன்னு எடுத்த எடுப்புல கேக்காதீங்க. இலங்கை நேவி பிடிச்சது பத்தி கேக்காதீங்க, நீங்க பேசிட்டு இருக்குறவரோட தம்பியே அங்க ஜெயில்ல இருக்கலாம், வர்ற வெளியாளுக எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. தனுஷ்கோடி வயசானவங்ககிட்ட 1964 டிசம்பர் புயல் ராத்திரியப் பத்தி நீங்களா எடுக்காதீங்க, அவங்களுக்குத் தோணுனா அவங்களே சொல்வாங்க. காத்தப் பத்திக் கேளுங்க. "இன்னைக்கு என்ன காத்துண்ணே?"ன்னா போதும், வாடைல என்ன மீன் படும், மேக்க இருந்து வர்ற கச்சான் காத்து எறங்குனா கடல் எப்படி மாறும்னு அரை மணி நேரம் சொல்வாங்க, அதுல நீங்க மாணவரு, அவரு வாத்தியாரு.

பேச்ச விட வேலை நல்லா பழக வைக்கும். தனுஷ்கோடி போற வழில முகுந்தராயர் சத்திரம் பக்கம் கரைவலை இழுக்குறப்ப ஓரமா நின்னு, "நானும் பிடிக்கட்டாண்ணே"ன்னு கேட்டுட்டு கயித்தப் பிடிங்க. ரெண்டு பக்கமும் ஆளுக இழுத்துக்கிட்டே பின்னாடி நடக்கணும், மணிக்கணக்கா ஆகும், உள்ளங்கை எரியும், மீன் சேர்ற வலை மடி கரைக்கு வரும்போது எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. முடிஞ்சதும் பையில நாலு மீன் போட்டுக் குடுப்பாங்க, வேணாம்னு சொல்லிராதீங்க. அது கூலி, வாங்கிக்கிட்டாத்தான் நீங்க அன்னைக்கு வேலை பாத்த ஆளு.

கீழக்கரைப் பக்கம் போனா காக்கான்னு கூப்புடுங்க, அங்க அண்ணனுக்கு அதான் பேரு, மத்த எடத்துல அண்ணே, அக்கா, ஆத்தா. உங்கள ரொம்ப நாளைக்கு சார்னுதான் கூப்புடுவாங்க, என்னை ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் ஒருத்தர் தம்பின்னாரு. பேங்க் லெட்டர் படிச்சுச் சொல்றது, ஃபாரம் நிரப்புறது வந்தா தாராளமா செய்ங்க, ஆனா அதையே தொழிலா ஆக்கிராதீங்க, அப்புறம் ஃபாரம்காரரா மட்டும் ஆயிருவீங்க.

நல்லதுக்குப் போகலன்னாலும் கெட்டதுக்குப் போயிரணும்னு சொல்வாங்கல்ல, அத அப்படியே பின்பத்துங்க. துட்டி கேக்க, அதான் சாவு வீட்டுக்கு, போனா பேச வேண்டாம், உக்காந்து எந்திரிச்சு வந்தாப் போதும். தங்கச்சிமடத்துல ஒரு வீட்டுக்கு அப்படித்தான் போனேன், ரெண்டு மணி நேரம் பெஞ்சுல சும்மா உக்காந்திருந்தேன், அந்த வீட்டு மூத்த மகன் கல்யாணப் பத்திரிகைய என் வீடு தேடி வந்து குடுத்தாரு, பஸ் மாறி மாறி.

கூட்டமாப் போகாதீங்க, ஒரு ஆளு, மிஞ்சுனா ரெண்டு. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா கடலுக்குப் போறதுக்கான அனுமதி டோக்கன் குடுக்க மாட்டாங்க, எல்லாரும் கரைலதான் இருப்பாங்க, பேச வசதின்னு நினைச்சு அன்னைக்குப் போயிராதீங்க. படக இழுத்துக் கட்டுற வேலை இருக்கும், மனசு கடல்லயே இருக்கும். போன்ல மட்டும் கூப்புட்டு படகெல்லாம் பத்திரமான்னு கேளுங்க.