கொடியசைக்க ஆள் வரும்வரை: பொங்கல் ஓட்டத்தில் செய்யக்கூடாதவை

சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பொங்கல் விழா ஓட்டத்தில் முதல் பரிசு யாருக்குப் போயிற்று என்பது எனக்கு நினைவில்லை. சிறுவர் ஓட்டத்துக்காக விடியற்காலை ஐந்தரைக்கே வரிசையில் நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி, ஏழேகாலுக்கு அண்ணன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருந்தார். ஒன்றேமுக்கால் மணி நேரமாக வந்துகொண்டே இருந்தார்.

விருந்தினருக்காக ஓட்டத்தை நிறுத்திவைக்காதீர்கள். அவருக்குப் பரிசளிப்பு மேடை இருக்கிறது, பொன்னாடையை அங்கே போர்த்தலாம். உடற்கல்வி ஆசிரியர் கொடியசைத்தாலும் பிள்ளைகள் ஓடத்தான் போகிறார்கள். தை மாதம் குளிர்தானே என்பார்கள். ஆறரை மணிவாக்கில் உதிக்கும் சூரியன் எட்டரைக்கெல்லாம் தார்ச்சாலையில் உறைக்கத் தொடங்கிவிடும். எடையோடு ஒப்பிட்டால் சிறு பிள்ளைகளுக்குத் தோல்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் வெளிச்சூடு அவர்கள் உடலில் விரைவாக ஏறும். அதற்காக இருட்டிலேயே ஓடவிடுவதும் சரியல்ல. வேகத்தடையும் படுத்திருக்கும் நாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆறேமுக்காலுக்குச் சிறுவர்கள், அவர்கள் முடித்த பிறகு பெரியவர்கள் என்று வழக்கத்தைத் திருப்பிப் போடுங்கள்.

போகியன்று காலையில் வைக்கவே கூடாது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களையே வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் காற்றில் எட்டு வயதுப் பிள்ளையை மூச்சிரைக்க ஓடவிடுவது என்ன கொண்டாட்டம்? பொங்கலன்று என்றால் குடியிருப்புத் தெருக்களைத் தவிருங்கள். சாணம் தெளித்த ஈரத்தின்மேல் கோலமாவு. வளைவில் கால் வழுக்கும். கோலம் போட்டவரின் வசவு தனி.

தூரத்தில்தான் பெரியவர்களின் ஆசை வெளிப்படுகிறது. சுவரொட்டியில் ‘மாபெரும் மாரத்தான்’ என்றிருக்கும், ஓடுவது ஐந்து கிலோமீட்டர். மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். பெயரைப் பெரிதாக்கினால் யாருக்கும் கால் வலிக்காது, போகட்டும். தூரத்தைப் பெரிதாக்குவதுதான் ஆபத்து. 2006-இல் ஒடிசாவின் புதியா சிங் என்ற நான்கு வயதுச் சிறுவனைப் புரியிலிருந்து புவனேசுவரம் நோக்கி 65 கிலோமீட்டர் ஓடவைத்தார்கள். பலர் கைதட்டினார்கள். பிறகு மாநில அரசு தலையிட்டு அவனுடைய நெடுந்தூர ஓட்டங்களுக்குத் தடை போட்டது. ஆறு வயதுக்கு முந்நூறு மீட்டர், பத்து வயதுக்கு ஒரு கிலோமீட்டர் என்பது என் கணக்கு. இரண்டு வயதினரையும் ஒரே விசிலில் அனுப்பாதீர்கள். பெரியவனின் முழங்கை சின்னவனின் முகத்துக்கு நேராக இருக்கும்.

வெறும் வயிறும் வேண்டாம், நெய் சொட்டும் பொங்கலும் வேண்டாம். ஒரு வாழைப்பழம் போதும். புதுக் காலணியை அன்றைக்கென்று பெட்டியிலிருந்து எடுத்தால் கொப்புளம் நிச்சயம்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று அமைப்பாளர்கள் நினைக்கிறார்கள். ரிப்பனைத் தொட்ட சிறுவன் அங்கேயே நின்றுவிடுவான். அறுத்துவிட்டோமே, திட்டுவார்களோ என்று குனிந்து எடுத்துக் கட்டக்கூடப் பார்ப்பான். பின்னால் வருகிறவர்கள் அவன்மேல் வந்து விழுவார்கள். பதக்க மேசையையும் அங்கேயே போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். கோட்டுக்கு அப்பால் முப்பது மீட்டருக்கு இருபுறமும் கயிறு கட்டுங்கள். கடைசியில் தண்ணீர், அதையும் தாண்டிப் பதக்கம். கைப்பேசியோடு சாலை நடுவில் மண்டியிடும் அப்பாக்களுக்குக் கயிற்றுக்கு வெளியேதான் இடம்.

பிள்ளையை ஒப்படைப்பதில் கறாராக இருங்கள். செஸ்ட் நம்பர் தாளின் பின்புறம் பெற்றோரின் கைப்பேசி எண்ணைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். நாங்கள் ஜெல் பேனாவால் எழுதினோம். வியர்வையில் ஒரு பையனின் தாளில் கடைசி மூன்று இலக்கங்கள் நீலக் கறையாகிவிட்டன. பெயர் என்ன என்று கேட்டால் “தம்பி” என்றான். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒலிபெருக்கியில் அதையே அறிவித்தோம். ஏழெட்டு அம்மாக்கள் ஓடிவந்தார்கள்.