சியானில் தனியாக மூன்று நாள்: பயணம் எங்கெங்கே கெடுகிறது

சீனாவின் பழந்தலைநகரான சியான், தனியாகப் போகிறவர்களுக்கு ஏற்ற ஊர். பழைய நகரம் முழுவதும் 13.74 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள் இருக்கிறது. சாப்பாடும் பெரும்பாலும் ஆளுக்கொரு கிண்ணம் என்ற கணக்குதான். நாலைந்து பேர் சேர்ந்து தட்டுகளைப் பகிர்ந்தால்தான் சாப்பாடு என்னும் சங்கடம் இங்கே குறைவு. இருந்தும் மூன்று நாளில் ஒன்றரை நாளை வரிசையிலும் வழியிலும் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியதில் பாதி முன்பதிவை நம்பியிருக்கிறது, சாப்பிட வேண்டியதில் பாதி நேரத்தை நம்பியிருக்கிறது. இரண்டையும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டிலேயே செய்துவிடும் தவறுகள்

240 மணி நேரம் விசா இல்லாமல் சீனாவில் தங்கலாம் என்று காணொளிகளில் சொல்வதைக் கேட்டு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அந்தச் சலுகை 55 நாடுகளுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. இந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சுற்றுலா விசா எடுத்துத்தான் ஆக வேண்டும். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் என்றால் 30 நாள் வரை விசா தேவையில்லை.

அடுத்தது பணம். தெருவோரத் தள்ளுவண்டி வரை கியூஆர் குறியீடுதான். பணம் செலுத்தும் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டு விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ சேர்க்கலாம். ஆனால் இந்த வேலையைச் சியான் விமான நிலையத்தில் தொடங்கினால் சிக்கல். பாஸ்போர்ட் படத்தைப் பதிவேற்றிச் சரிபார்க்க வேண்டும், வங்கியிலிருந்து வரும் ஓடிபி ஊர் எண்ணுக்குத்தான் போகும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருந்தால் அங்கிருந்து அதைத் திறப்பது தலைவலி. எல்லாவற்றையும் ஊரிலேயே முடியுங்கள். இரண்டு செயலிகளையும் வையுங்கள், ஒன்று மறுத்தால் மற்றொன்று. ஒரே பரிவர்த்தனை 200 யுவானைத் தாண்டினால் வெளிநாட்டுக் கார்டுக்கு 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ரொக்கமாக 300, 400 யுவான், சில்லறை நோட்டுகளாக, பையில் இருக்கட்டும்.

கூகுளும் வாட்ஸ்அப்பும் உள்ளூர் சிம்மிலோ ஓட்டல் வைஃபையிலோ திறக்காது. ஊர் சிம்மின் ரோமிங், அல்லது வெளிநாட்டு நிறுவனத்தின் இ-சிம் என்றால் திறக்கும். அப்படித் திறந்தாலும் கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம். சீனாவில் அது தெருக்களைச் சற்றுத் தள்ளிக் காட்டும், தகவல்களும் பழையவை. ஆமேப் போன்ற உள்ளூர் வரைபடம்தான் உதவும்.

கூட யாரும் இல்லாதவருக்குக் கைபேசி அணைந்துபோனால் பணம், வழி, மொழிபெயர்ப்பு மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். ஓட்டலின் சீன எழுத்து முகவரி அட்டையை முதல் நாளே வாங்கிப் பணப்பையில் வையுங்கள். பவர் பேங்க் எடுத்துப்போகிறீர்களா? 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில், சீனத் தரச்சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குகளுக்கு அனுமதி இல்லை. நம் ஊரில் வாங்கியவற்றில் பலவற்றில் அந்த முத்திரை இருக்காது. பெய்ஜிங்கிலிருந்தோ ஷாங்காயிலிருந்தோ சியானுக்கு விமானத்தில் போவதானால் பாதுகாப்புச் சோதனையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டிவரும். அங்கே கடைக்குக் கடை வாடகைப் பவர் பேங்க் பெட்டிகள் உண்டு, அலிபேயில் ஸ்கேன் செய்து எடுக்கலாம்.

தேதியும் முக்கியம். அக்டோபர் 1 தொடங்கும் தேசிய விடுமுறை வாரம், மே முதல் வார விடுமுறை, சீனப் புத்தாண்டு ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். ஜூலையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏப்ரலும் அக்டோபர் பிற்பாதியும் நல்ல காலம்.

கிழமை பார்க்காமல் போடும் திட்டம்

ஷான்சி வரலாற்று அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. சின்ன வாத்துக் கோபுரத்தை ஒட்டியுள்ள சியான் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஞாயிறு மாலை வந்து இறங்குபவர் இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் வைத்துக்கொண்டு இரண்டு பூட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நடக்கக்கூடியதுதான். திங்களை, பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த வீரர் சிலைகளான சுடுமண் படைக்கு ஒதுக்குங்கள், அது எல்லா நாளும் திறந்திருக்கும்.

வரலாற்று அருங்காட்சியகத்தில் பொது அனுமதி இலவசம். அதனாலேயே பருவகாலத்தில் முன்பதிவு திறந்த சிறிது நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. வாசலில் போய் நின்றால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் அதற்காக ஒரு நாளைப் பலிகொடுக்க வேண்டாம். சியான் அருங்காட்சியகமும் இலவசம்தான், கூட்டமும் குறைவு. வளாகத்திலேயே நிற்கும் சின்ன வாத்துக் கோபுரம் 707இல் கட்டப்பட்டது. 1556 நிலநடுக்கத்தில் உச்சி இழந்து 15 அடுக்கு 13 ஆனது. நகர மதிலின் தெற்கு வாசல் அருகே கல்வெட்டுக் காடு என்னும் அருங்காட்சியகமும் இருக்கிறது. 781இல் பொறிக்கப்பட்ட, சீனாவில் கிறித்தவம் நுழைந்ததைச் சொல்லும் கல் அங்கேதான். கல்வெட்டுகளில் ஆர்வம் உள்ளவருக்கு முதல் தேர்வே அதுவாக இருக்கலாம்.

எல்லா முன்பதிவும் பாஸ்போர்ட் எண்ணின் பெயரில்தான். ஓர் எழுத்து பிசகினாலும் வாயிலில் நிறுத்திவிடுவார்கள். நகல் செல்லாது, அசலைக் கையில் வைத்திருங்கள்.

சுடுமண் படையில் பாதியைத் தவறவிடுவது

படை இருப்பது சியான் நகருக்குள் இல்லை, கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி லின்தோங்கில். மணிக்கூண்டு நிலையத்தில் மெட்ரோ 6ஆம் பாதையில் ஏறி ஃபாங்ஜிச்செங்கில் இறங்கி, 9ஆம் பாதையில் ஹுவாசிங்ச்சி வரை போய், அங்கிருந்து பேருந்து. ஒன்றரை மணி நேரம் ஆகும். ரயில் நிலைய வாசலில் ‘சுடுமண் படை, நேராகப் போகும்’ என்று கூவுகிறவர்களின் வண்டியில் ஏறினால், வழியில் போலிச் சிலைக்கூடத்திலும் பச்சைக்கல் கடையிலும் இறக்கி நேரத்தைத் தின்றுவிடுவார்கள். தனியாக வருபவரை மடக்குவது எளிது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நுழைவு 120 யுவான். காலை 8:30க்குத் திறக்கிறது. பேருந்துக் கூட்டம் வந்து சேர்வதற்குள், சிலைகள் நிற்கும் முதலாம் குழிக்குப் போய்விடுங்கள். 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம் கொண்ட அந்தக் கூடத்தின் முன்பக்கத் தடுப்பில் பத்து மணிக்கு மேல் கைபேசிகளின் முதுகுதான் தெரியும். அங்கேயே படம் எடுத்துவிட்டு வெளியேறாமல் பக்கவாட்டில் நடந்து கூடத்தின் பின்பக்கம் வாருங்கள். உடைந்த துண்டுகளை ஒட்டி வீரர்களை நிறுத்தும் இடம் அங்கே இருக்கிறது, முழுச் சிலைகளைவிட அதுதான் சுவாரசியம்.

இரண்டாம் குழி பெரும்பாலும் தோண்டப்படாத மண்மேடு என்பதால் எட்டிப்பார்த்துவிட்டுக் கிளம்புவது இன்னொரு தவறு. மண்ணுக்குள் இருக்கும்வரை சிலைகளில் சாயம் ஒட்டியிருக்கும், காற்றுப் பட்டதும் சுருண்டு உதிரும். பெரும் பகுதியைத் தோண்டாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முழங்கால் மடித்த வில்லாளி உட்படச் சில சிலைகள் இந்தக் கூடத்தில்தான் கண்ணாடிப் பேழைக்குள், கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தலைமுடியின் பின்னல், செருப்பு அடியின் தையல் எல்லாம் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு வேறு. 1980இல் கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்கள் இப்போது குழிகளின் வளாகத்தில் இல்லை. பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேடு உள்ள லிஷான் பூங்காவில் தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. அதே 120 யுவான் டிக்கெட்டில் அதுவும் அடக்கம், இடையே இலவசப் பேருந்தும் ஓடுகிறது. வெளிவாசல் வழியே நடந்தால் நீண்ட கடைத்தெரு. அதில் சிக்குகிறவர்கள் டிக்கெட்டின் மறுபாதியை மறந்து நகரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள். அந்த நாளில் வேறு எதையும் திணிக்காதீர்கள்.

மதிலும் கோபுரமும்

மதில் மேல் நிழலே கிடையாது. நண்பகலில் சைக்கிள் எடுத்தால் கோடையில் வாடிவிடுவீர்கள். நுழைவு 54 யுவான், சைக்கிள் வாடகை 45 யுவான் அளவில், முன்பணம் தனி. தரை முழுக்கச் செங்கல் என்பதால் குலுங்கும். முழுச் சுற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். மழை பெய்தால் சைக்கிள் தர மாட்டார்கள். மாலை நாலரை மணிக்குத் தெற்கு வாசலில் தொடங்குவது நல்லது. எடுத்த இடத்திலேயே திருப்பித் தர வேண்டும் என்று நினைத்து முழுச் சுற்றும் மிதிக்க வேண்டியதில்லை, மற்ற பெரிய வாசல்களிலும் ஒப்படைக்கலாம்.

பெரிய வாத்துக் கோபுரம், நம் பாடப்புத்தகங்களில் யுவான் சுவாங் என்று படித்த துறவி இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளை வைக்க 652இல் எழுப்பப்பட்டது. பல்லவர் காலக் காஞ்சிபுரத்துக்கும் வந்துபோனவர் அவர். கோயில் நுழைவுக்கு ஒரு கட்டணம், கோபுரத்தில் ஏற இன்னொரு கட்டணம். ஏறிப் பார்ப்பதைவிடக் கீழே நின்று பார்ப்பதே அழகு, அந்தக் காசு மிச்சம். இருட்டிய பிறகு போங்கள், தெற்கே விளக்கொளித் தெருவும் தொடர்ந்து வரும்.

சாப்பாட்டில் சறுக்குவது

மத்தளக் கோபுரத்துக்குப் பின்னால் தொடங்கும் பெய்யுவான்மென் தெருவில் ஒரு முறை நடக்கலாம், சாப்பிட வேண்டாம். கடலே இல்லாத ஊரில் கணவாய்க் குச்சி விற்கிறார்கள் என்றால் அந்தத் தெரு யாருக்காக என்று புரிந்துகொள்ளலாம். இனிப்பும் உலர்பழமும் எடைக்கு வாங்கும்போது விலைப்பலகையில் எந்த எடைக்கு விலை என்று பாருங்கள். ஒரு ஜின் என்றால் 500 கிராம், ஒரு லியாங் என்றால் 50 கிராம். பலகையில் சின்னதாக இருக்கும் தொகை லியாங்குக்கானதாக இருந்தால் பில் பத்து மடங்கு. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவது மேற்கே சாஜின்ச்சியாவ், நடுவே தாபியுவான் தெருக்களில். மெட்ரோ 1ஆம் பாதையில் சாஜின்ச்சியாவ் என்றே நிலையம் உண்டு.

அங்கே மாலையில் மட்டும் போவது தவறு. இறைச்சி உருண்டையும் காய்களும் போட்டு மிளகுக் காரத்தோடு கொதிக்கும் ஹூலாதாங் கூழும், சீன இலந்தைப்பழமும் ஒட்டரிசியும் அடுக்கி அவித்த ஸெங்காவும் காலைச் சாப்பாடு. ஒன்பது மணிக்குள் போனால் நல்லது.

இனி, நம்மவர்கள் பலர் அறியாமல் செய்யும் தவறு. இந்தப் பகுதி ஹுவே முஸ்லிம்களுடையது. பன்றி இறைச்சி இருக்காது, ஆனால் மாட்டிறைச்சிதான் இயல்பு. ஹூலாதாங்கின் உருண்டை மாட்டிறைச்சி. ரொட்டியைக் கிள்ளிப் போட்டு இறைச்சிச் சாற்றோடு சாப்பிடும் பாவ்மோவை ஆட்டிறைச்சி என்று கேட்டு வாங்கினாலும் அதன் சாறுகூடப் பல கடைகளில் ஆடு, மாடு இரண்டின் எலும்பையும் சேர்த்துக் காய்ச்சியது. மாடு சாப்பிடாதவர் இறைச்சித் துண்டை மட்டும் கேட்டால் போதாது, சாற்றையும் கேட்க வேண்டும். முஸ்லிம் வாசகர்களுக்கு இதன் மறுபக்கம்: ஊர் முழுக்க விற்கும் ரோஜியாமோ என்ற இறைச்சி ரொட்டி பன்றி இறைச்சியில்தான் செய்யப்படுகிறது. ஹலால் பலகை இருக்கும் கடையில் மட்டுமே மாட்டிறைச்சி ரோஜியாமோ கிடைக்கும்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. குளிர்ந்த லியாங்பியில் மாவுப் பட்டை, வெள்ளரி, முளைப்பயறு, காடி, மிளகாய் எண்ணெய் அவ்வளவுதான். அகலப் பட்டையான பியாங்பியாங் நூடுல்ஸில், மிளகாய்த்தூள் மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் வகையைக் கேளுங்கள். ‘மூன்றும் சேர்ந்தது’ என்று பட்டியலில் இருப்பதில் கொத்திறைச்சி வரும். இறைச்சி, இறைச்சிச் சாறு, முட்டை, மீன் எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சீனத்தில் எழுதிய குறிப்பைக் காட்டுங்கள். வெறுமனே ‘சைவம்’ என்றால் காய்கறி போட்ட எலும்புச் சாறும் வந்துவிடக்கூடும்.

பாவ்மோ சாப்பிடுவதற்கு முறை உண்டு. காலிக் கிண்ணமும் கெட்டியான வட்ட ரொட்டி இரண்டும் தருவார்கள். தனியாளுக்கு, முதல் முறை என்றால், ஒன்றே போதும். இரண்டைத் தின்றால் அன்றைக்கு வேறெதற்கும் வயிற்றில் இடமிருக்காது. ரொட்டியை நான்காகப் பிளந்து, பிறகு ஒவ்வொன்றையும் சோயாப் பயறு அளவுக்குக் கிள்ளிப் போட வேண்டும். இருபது நிமிடமாவது ஆகும். பெரிதாக விட்டால் நடுவே சாறு இறங்காமல் கல்லாக இருக்கும், பொடியாக உதிர்த்தால் கூழாகிவிடும். பெரிதும் சிறிதுமாகக் கிள்ளினால் இரண்டு கேடும் ஒரே கிண்ணத்தில். பொறுமை இல்லாதவர்களுக்கு இயந்திரத்தில் நறுக்கியதும் கிடைக்கும், ருசி அவ்வளவு சேராது.

கிண்ணத்தோடு எண் வில்லை ஒன்று தருவார்கள், தொலைக்காதீர்கள். அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் கிண்ணம் அடுக்களைக்குப் போய்த் திரும்பும். சாறு எவ்வளவு வேண்டும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும்: சாறே மிஞ்சாமல், கடைசியில் ஒரு வாய் மிஞ்சும்படி, ரொட்டியைச் சுற்றி ததும்பும்படி என்று வகைகள் உண்டு. நடு வகையில் தொடங்கலாம். வந்ததும் கரண்டியால் கிளறுவதுதான் நம் கைப்பழக்கம். அப்படிச் செய்தால் சூடு போகும், சாறும் கலங்கும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுங்கள், கூட வரும் இனிப்புப் பூண்டு ஊறுகாயை இடையிடையே கடித்துக்கொள்ளுங்கள். பாவ்மோ மதியச் சாப்பாடு. பழைய கடைகள் சில பிற்பகலோடு கதவடைத்துவிடும், இரவுக்கு என்று ஒத்திப்போட வேண்டாம்.

கடைசி நாள்

மூன்று நாளில் ஹுவாஷான் மலையையும் செருக ஆசை வரும். அதிவேக ரயிலில் அரைமணிச் சொச்சம்தான், ஆனால் பேருந்து, கேபிள் கார், படிகள் என்று முழு நாளும் போய்விடும். நான்காவது நாள் இருந்தால் போங்கள்.

அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை சியான் வடக்கு நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. மதிலை ஒட்டிய பழைய சியான் நிலையம் வேறு. டிக்கெட்டில் ‘பெய்’ என்று இருந்தால் வடக்கு. மணிக்கூண்டிலிருந்து மெட்ரோ 2ஆம் பாதை நேராகப் போகும். காகிதச் சீட்டு இல்லை, பாஸ்போர்ட்தான் சீட்டு. தானியங்கி வாயில்கள் எல்லாம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் படிப்பதில்லை, ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள். ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனையும் உண்டு, ஆகவே முக்கால் மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள்.