கேதார்காந்தா: உறைந்த மலைப்பாதையில் விழாமல் இறங்குவது எப்படி?

உத்தரகாண்டின் கேதார்காந்தா சிகரத்துக்கு (சுமார் 12,500 அடி) ஜனவரி மாதத்தில் சென்று திரும்பிய அனுபவத்தைக் கொண்டு, முதன்முறையாகக் குளிர்கால மலையேற்றத்துக்குப் புறப்படுவோருக்காக இதை எழுதுகிறேன். உடற்பயிற்சி, உறங்கும் பை, முன்பதிவு ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். ஏறும்போது ஒருமுறைகூடச் சறுக்காத நான் இறங்கும்போது மூன்று முறை விழுந்தேன். அதுவும் சிகரத்தை ஒட்டிய செங்குத்துச் சரிவில் அல்ல. கீழே காட்டுக்குள், குழந்தைகூட நடக்கலாம் என்று தோன்றிய பாதையில்.

முதல் படி: காலடியில் இருப்பது எந்தப் பனி என்று பாருங்கள்

புல் நுனியில் நிற்பதையும் வானிலிருந்து வெண்மையாக விழுவதையும் நாம் பனி என்றே சொல்லிவிடுகிறோம். மலைப்பாதையில் இந்தப் பொதுச்சொல் போதாது. புதிதாக விழுந்த வெண்பனியில் கால் புதையும். அதனாலேயே பிடிப்பும் கிடைக்கும். நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்து அழுத்திய பனியோ பகல் வெயிலில் மேற்புறம் சற்றே உருகி, இரவில் மீண்டும் உறைந்து, சில நாட்களில் பளிங்குத் தரையாகிவிடும். ஓக், பைன் மரங்களின் நிழலில் வெயில் நேரடியாகப் படாததால் அந்தத் தரை எளிதில் கரையாது. ஆகவே ஆள்நடமாட்டம் மிகுந்த பாதைதான் அதிகம் வழுக்கும் பாதை.

இவற்றைவிட மோசமானது, ஊற்றுநீர் பாதையைக் கடக்கும் இடங்களில் பாறைமீது கண்ணாடித்தாள்போல் படியும் உறைபனி. அப்பகுதி மக்கள் இதைப் ‘பாலா’ என்கிறார்கள். இது வெண்மையாக இராது. நனைந்த பாறையைப் போலவே தெரியும். விடியற்காலையில் ஈரமாகத் தெரியும் எந்தப் பாறையையும் உறைந்தது என்று எண்ணியே காலை வையுங்கள்.

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். அடிவார ஊரான சாங்க்ரி சுமார் 1,950 மீட்டரிலும் சிகரம் சுமார் 3,800 மீட்டரிலும் இருப்பதால், சாங்க்ரியில் 0 டிகிரி என்றால் உச்சியில் மைனஸ் 12 டிகிரியை எதிர்பார்க்கலாம். காற்றின் கடுமை இதில் சேரவில்லை.

இரண்டாம் படி: உடை

பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நின்ற மாத்திரத்தில் உடலைக் குளிரச் செய்யும். உள்ளே செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே காற்றைத் தடுக்கும் மேலுடை ஆகிய மூன்றும் போதும்.

மூன்றாம் படி: மைக்ரோஸ்பைக்

நான் இடறியது இங்கேதான். மைக்ரோஸ்பைக் என்பது காலணியின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வளையம். அதன் அடியில் சங்கிலியும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீள எஃகு முட்களும் இருக்கும். நான் வாடகைக்கு வாங்கியது என் காலணியைவிட ஓர் அளவு பெரியது. கடையில் மாட்டிப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். இறங்கும்போது ரப்பர் மெல்ல நகர்ந்து, முட்கள் பாதத்தின் அடியிலிருந்து பக்கவாட்டுக்கு வந்துவிட்டன. முள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் வைத்த கால் வழுக்கியது.

ஆகவே சாங்க்ரியிலேயே, அணியப்போகும் காலணியின் மேல் மாட்டி, சங்கிலியைக் கையால் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். முட்கள் அடிப்பாதத்தை விட்டு நகர்ந்தால் வேறு அளவு கேளுங்கள். கையுறையுடனேயே மாட்டிக் கழற்றப் பத்து முறையாவது பழகுங்கள். அதிகாலை மூன்று மணி இருட்டில் வெறுங்கையால் எஃகைத் தொடுவது எவ்வளவு கொடுமை என்பது தொட்டவருக்குத்தான் தெரியும். பனிக்கட்டியின்மேல் நின்றுகொண்டு மாட்டாதீர்கள். அது தொடங்குவதற்கு முன்பே, சமதளத்தில் உட்கார்ந்து மாட்டுங்கள்.

இரும்புக் கம்பியை வளைத்துச் சுற்றிய மலிவான ‘கிரிப்’ வகைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தட்டையான நகரச் சாலைக்கு அவை போதும், சரிவுக்குப் போதாது. பனிமலை வீரர்கள் அணியும் நீண்ட முள் கிராம்பானும் வழக்கமான பாதையில் தேவைப்படாது. அதற்கு வளையாத அடிப்பாகம் கொண்ட காலணி வேண்டும், பழக்கமில்லாதவர் தன் கெண்டைக்காலையே கிழித்துக்கொள்ளவும் கூடும்.

நான்காம் படி: இறங்கும் நடை

பயம் வந்தால் உடல் தானாகவே பின்னுக்குச் சாயும். அப்படிச் சாய்ந்தால் எடை முழுவதும் குதிகாலின் விளிம்புக்குப் போய், முன்பாதத்து முட்கள் தரையைத் தொடாமல் நிற்கும். முழங்காலைச் சற்று மடித்து, எடையைப் பாதத்துக்கு நேர்மேலே வைத்து, அடிப்பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி குட்டையான அடிகளாக வையுங்கள். கால்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால் ஒரு காலின் முள் மறுகால் உடையில் சிக்காது.

குதிகாலை ஓங்கிக் குத்தி இறங்கும் முறை ஒன்றும் உண்டு. அது கால் புதையும் மென்பனிக்கு மட்டுமே உரியது. சிகரச் சரிவில் அப்படி இறங்கிப் பழகிய நான், ஹர்காவ் முகாமுக்குக் கீழே காட்டுப்பாதையிலும் அதையே தொடர்ந்தேன். எனது இரண்டாவது வீழ்ச்சி அதன் பலன். பாதை மாறும்போது நடையும் மாற வேண்டும்.

பின்னர்ச் சேர்த்தவை

முட்களுக்கிடையே பனி உருண்டையாக ஒட்டிக்கொள்வதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். நண்பகலில் ஈரப்பனியில் இது நேரும். உருண்டை முள்ளை மூடிவிட்டால் ஸ்பைக் இருந்தும் இல்லாததற்குச் சமம். சில அடிகளுக்கு ஒருமுறை ஊன்றுகோலால் காலணியின் பக்கத்தைத் தட்டினால் உதிர்ந்துவிடும்.

தண்ணீர்ப் பாட்டில் திறக்க முடியாமல் உறைந்ததாக இன்னொருவர் சொன்னார். நீர் மேலிருந்து உறையத் தொடங்கும் என்பதால், பாட்டிலைக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்துத் தலைகீழாகப் பையில் வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.