விழுங்கணுக்களிடம் சிக்காத கிருமிகள்: புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரோக்கியமான குழந்தைகள் பலரின் மூக்கிலும் தொண்டையிலும் நிமோகாக்கஸ் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கும். அதே கிருமி நுரையீரலுக்கோ ரத்தத்துக்கோ போய்விட்டால் நிமோனியா, மூளையுறை அழற்சி என்று உயிருக்கே உலை வைக்கும். கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளையணுக்களுக்கு விழுங்கணுக்கள் என்று பெயர். நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் போன்ற இந்த விழுங்கணுக்களால், மேலே ஓர் உறையைப் போர்த்தியிருக்கும் அந்தக் கிருமியை எளிதில் பிடித்து விழுங்க முடியாததுதான் இதற்கு முக்கியக் காரணம். இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர்களிடமும், தடுப்பூசி பற்றிக் கேட்கும் பெற்றோரிடமும் சில தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் சில, மதிப்பெண்ணோடு போய்விடும். சில, உயிரோடு விளையாடும்.

முதல் குழப்பம் ஆன்டிபயாடிக் பற்றியது. விழுங்கணுவிடமிருந்து தப்பிக்கும் கிருமி மருந்துக்கும் அடங்காது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தடித்த உறை உள்ள நிமோகாக்கஸும் பெனிசிலினால் சாகும், ஏனென்றால் அந்த உறை பெனிசிலினைத் தடுப்பதில்லை. பெனிசிலினுக்கு அடங்காத வகைகளில் மாறியிருப்பது, செல்சுவரைக் கட்டும் வேலையில் இருக்கும் புரதங்கள். மருந்து போய் ஒட்ட வேண்டிய இடமே அவைதான். உறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது, விழுங்கப்படாமல் தப்பிப்பதையும் விழுங்கப்பட்ட பிறகு பிழைத்துக்கொள்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. காசநோய்க் கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் அது அடைபட்டிருக்கும் பையோடு செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து சேராதபடி கிருமி தடுத்துவிடுகிறது. லிஸ்டீரியா அந்தப் பையையே துளைத்துக்கொண்டு செல்லுக்குள் வந்துவிடும். கியூ காய்ச்சலைத் தரும் காக்ஸியெல்லாவுக்கோ லைசோசோமின் அமிலச் சூழல்தான் பெருகுவதற்கு ஏற்ற இடம். 'விழுங்குதலை எதிர்க்கும் கிருமிக்கு எடுத்துக்காட்டு தருக' என்று கேட்டால் இவற்றை எழுதக் கூடாது. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி வகை, மெனிங்கோகாக்கஸ், கிளெப்சியெல்லா என்று எழுதுங்கள்.

இனி அந்த உறைக்கு வருவோம். கேப்சூல் என்கிற இந்த உறையை, விழுங்கணு உடைக்க முடியாத கவசம் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. அது பெரும்பாலும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன, நீர் கோத்த வழவழப்பான படலம். கவசம் போல் கெட்டியாக இருக்காது. விழுங்கணு ஒரு கிருமியை விழுங்க வேண்டுமானால் முதலில் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடிக்காகத்தான் உடல் எதிர்ப்பொருள்களையும் (ஆன்டிபாடி), ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்களையும் கிருமியின் மேல் ஒட்டுகிறது. நிமோகாக்கஸில் காம்ப்ளிமென்ட் புரதமான சி3பி உறைக்குக் கீழே செல்சுவரில் போய் ஒட்டினாலும், மேலே படலம் மூடியிருப்பதால் விழுங்கணுவின் ஏற்பிகளுக்கு அது எட்டுவதில்லை. போதாததற்குப் பல உறைகளில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. விழுங்கணுவின் பரப்பிலும் அதே மின்னூட்டம்தான், அதனால் விலக்கம் வேறு. திருவிழாவில் எண்ணெய் தடவிய வழுக்கு மரத்தில் ஏறுகிறவர் படும் பாடுதான் இது: மரம் அங்கேயேதான் நிற்கிறது, பிடி மட்டும் கிடைப்பதில்லை.

பிடி கிடைத்துவிட்டால் கதை மாறிவிடும் என்பதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆஸ்வால்ட் ஏவெரியும் ரெனே டியூபோவும், மூன்றாம் வகை நிமோகாக்கஸின் உறையை மட்டும் கரைக்கும் ஒரு நொதியை மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். அந்த நொதி கிருமியைக் கொல்லவில்லை. உறையை மட்டுமே நீக்கியது. மிச்ச வேலையை எலியின் விழுங்கணுக்கள் பார்த்துக்கொண்டன, எலிகள் பிழைத்தன. 1928இல் கிரிஃபித் நிமோகாக்கஸை எலிகளுக்குச் செலுத்திச் செய்த புகழ்பெற்ற சோதனையையும் இந்தக் கண்ணோட்டத்தில் படிக்க வேண்டும். டிஎன்ஏதான் மரபுப்பொருள் என்ற கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய சோதனை என்று மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, உறையில்லாத வகை எலியை ஏன் கொல்லவில்லை என்று யாரும் கேட்பதில்லை. விழுங்கணுக்கள் அதை விழுங்கிவிட்டன, அவ்வளவுதான்.

அதற்காக, உறை ஒன்றுதான் கிருமிகளின் ஒரே வழி என்றும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் 'புரதம் ஏ' எதிர்ப்பொருளை வால் பக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. விழுங்கணு பற்ற வேண்டிய முனையே அந்த வால்தான். தொண்டைப் புண்ணைத் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜென்ஸ், தன் எம் புரதத்தால் நம் ரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் தடுப்பான்களையே இழுத்து மேலே ஒட்டிக்கொள்கிறது. பிளேக் கிருமி இன்னும் ஒரு படி மேல். ஊசி போன்ற அமைப்பால் விழுங்கணுவுக்குள் புரதங்களைச் செலுத்தி, விழுங்கும் இயக்கத்தையே முடக்கிவிடுகிறது.

எல்லா உறையும் ஒன்றே என்ற எண்ணம் தடுப்பூசி விஷயத்தில் நம்மை ஏமாற்றும். நிமோகாக்கஸில் மட்டும் 100 உறை வகைகளுக்கு மேல் இருக்கின்றன. ஒரு வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் பெரும்பாலும் இன்னொரு வகையில் ஒட்டாது. அதனால் 'குழந்தைக்கு ஊசி போட்டாச்சு, இனி நிமோனியாவே வராது' என்று இருந்துவிடக் கூடாது. ஊசியில் உள்ள வகைகளுக்குத்தான் அது பாதுகாப்பு. ஆனாலும் அவை கடுமையான நோயை அதிகம் உண்டாக்கும் வகைகள் என்பதால் ஊசியைத் தவிர்ப்பது பெரிய தவறு. இன்னொன்று: வெறும் சர்க்கரைச் சங்கிலியை மட்டும் கொண்ட தடுப்பூசிக்கு இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உடல் சரியாக எதிர்வினை காட்டாது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தால்தான் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களின் உதவி கிடைத்து நல்ல எதிர்ப்பொருளும், கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் நோயெதிர்ப்பு நினைவாற்றலும் உருவாகும். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் உள்ள ஹீமோஃபிலஸ் பி பகுதி இப்படிப்பட்டதுதான். இந்திய அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் அந்த ஊசி முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும். பிசிவி எனப்படும் நிமோகாக்கஸ் ஊசியும் அதே வகை. 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. ஒன்பதாம் மாதத் தவணையை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, மண்ணீரல். விபத்தில் கிழிந்தோ தலசீமியா போன்ற ரத்த நோயாலோ அதை எடுத்துவிட்டால், 'அது இல்லாமலும் வாழலாம்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வாழலாம்தான். ஆனால் எதிர்ப்பொருள் சரியாக ஒட்டாத உறைக் கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டிப் பிடிப்பதில் மண்ணீரலின் மேக்ரோஃபேஜ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அது போன பிறகு நிமோகாக்கஸ் ரத்தத்தில் நுழைந்தால், காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கியது ஒரே நாளில் உயிரைப் பறிக்கலாம். திட்டமிட்ட அறுவைசிகிச்சை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் பி தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். அவசர அறுவையாக இருந்தால் அப்புறம் எப்போது போடுவது என்று வீடு திரும்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், போனதும் முதல் வாக்கியமாக 'எனக்கு மண்ணீரல் இல்லை' என்று சொல்ல வேண்டும்.